இருபத்தேழு டிகிரி அலட்சியம்

மைமூன் கோபப்பட்டால் வீடு சூடேறும். எவ்வளவு ஏறும் என்பது 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் முதன்முதலாக அளக்கப்பட்டது: நாலேகால் டிகிரி. அளந்தவர் முதல் மாடியில் குடியிருந்த கம்பவுண்டர் பீர் முகைதீன். அளந்த வெப்பமானியை மைமூனிடமே கொடுத்துவிட்டு, இது மருந்தால் தீருகிற சமாச்சாரம் இல்லை என்று சொல்லிப் போனார். ரங்கூனில் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்த மாதம் அது. கரி கிடைக்கவில்லை. மைமூனின் கணவர் தஸ்தகீர், துறைமுகத்தில் குமாஸ்தா, சாதுவான மனிதர். அரிசியும் தண்ணீரும் போட்ட பானையை மனைவியின் பக்கத்தில் வைத்துவிட்டு, "கரிக்காரன் நம்மளைப் பாத்துச் சிரிக்கிறான் புள்ள" என்று மட்டும் சொன்னார். முக்கால் மணி நேரத்தில் சோறு பொங்கியது. அடிப்பிடிக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு பதினேழு வருடங்கள் அந்தக் கட்டடத்தில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. பாபேடான் வட்டாரத்தில் மழை தொடங்கினால் நாலு மாதத்துக்குத் துணி காயாது. இரண்டாம் மாடிக் கலா ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வருவாள், கொடியில் போடுவாள், "மைமூனக்கா, நேத்து நீ குடுத்த கறியில உப்பே இல்ல" என்பாள், துணி காய்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போவாள். மைமூன் கைலி மூட்டிக் கொடுக்கிறவர். கடையில் லோஞ்சி என்கிற பர்மியக் கைலி வாங்குகிறவர்களின் துணி, பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றின் கவ்வியில் மாட்டப்பட்டு மேலே வரும், ஒரே தையலில் மூட்டப்பட்டுக் கீழே போகும். அவர் மூட்டிய லோஞ்சி இஸ்திரி போட்டதுபோல் இருக்கும் என்பதற்காகவே ஷ்வேப்யிதாவிலிருந்தும் மாவ்பியிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

2005இல் கப்பலில் வேலை பார்த்த அக்கா மகன் அஷ்ஃபாக் பாங்காக்கிலிருந்து இரண்டு சிறுத்தைப் பல்லிகளைக் கொண்டுவந்தான். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, முள்ளங்கிபோல் பருத்த வால். சுவரில் ஏறத் தெரியாத பல்லி. கண்ணை மூடித் திறக்கும் பல்லி. எல்லா வீட்டுச் சுவரிலும் பல்லி ஓடுகிற ஊரில் காசு கொடுத்து ஏன் பல்லி வாங்கினாய் என்று தெருவே அவனைக் கேட்டது. மைமூன் கேட்கவில்லை. அந்தப் பெண் பல்லி அவரைப் பார்த்து ஒருமுறை நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தது. யாருக்கும் பயப்படாத முகம். அதற்குப் பேகம் என்று அங்கேயே பெயர் வைத்தார்.

"சாச்சி, இதுக சோடி சேந்து குஞ்சு பொரிக்கும். ஆனா அவசரப்படக் கூடாது. பொட்டைக்கு ஒரு வயசு தாண்டணும், அம்பது கிராம் எடை இருக்கணும். குஞ்சு எங்கெங்க போகும்னு சோடி சேக்கிறதுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கணும்" என்று அஷ்ஃபாக் எட்டுப் பக்கத் தாளைப் படித்துக் காட்டினான்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கிறதுக்கே இவ்வளவு கேட்டதில்லையேடா" என்றார் தஸ்தகீர்.

"அதான் ஊர்ல இத்தன கேடுகெட்ட மாப்பிள்ளைங்க" என்றார் மைமூன். வீட்டில் அரை டிகிரி ஏறியது.

தாளில் இருந்தபடியே அவர் செய்யத் தொடங்கினார். முகல் தெரு நகைக்கடையின் தராசில் பேகத்தை வாரா வாரம் நிறுத்தார். டாலாவிலிருந்து படகேறி உயிருள்ள சில்வண்டுகள் வந்தன. எண்ணெயில் பொரித்துத் தின்கிற பூச்சியை உயிரோடு வாங்குகிற கிறுக்குப் பிடித்தவர் என்று படகுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று தாளில் இருந்ததால் கணவாய் ஓட்டை இடித்துச் சலித்துப் பூச்சிகள்மேல் தூவினார். எல்லாம் சரிதான். ஆனால் தாளில் எழுதியிராத ஒன்று அவர் இரத்தத்தில் எழுதியிருந்தது. மைமூனின் முன்னோர் காயல்பட்டினத்துக்காரர்கள். அங்கே கல்யாணம் ஆன பெண் பிறந்த வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். ஆகவே ஆண் பல்லியைத் தூக்கிப் பேகத்தின் பெட்டியில் குடிவைத்தார். புது மாப்பிள்ளைக்குக் கோழி ஈரல்கூட வைத்துப் பார்த்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெயரும் மாப்பிள்ளை என்றே ஆயிற்று. இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை பேகத்தைத் துரத்தித் துரத்திக் கடித்ததில், பேகம் சாப்பாட்டை மறந்து மெலிந்து, கடைசியில் தன் வாலையே உதறிப் போட்டுவிட்டு மூலையில் போய் நின்றது.

உதறின வால் ஒரு மணி நேரம் தனியாகத் துடித்தது. மைமூன் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து, மாப்பிள்ளையைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, "இனிமே நீ விருந்தாளி. கூப்பிட்டா வரணும், சோலி முடிஞ்சா போகணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். காயல்பட்டினத்து வழக்கம் அந்த வீட்டில் பல்லிகளுக்கு மட்டும் அன்றோடு ரத்தானது. பேகத்துக்கு ஒரு வருடம் முழு ஓய்வு. புது வால் டர்னிப் கிழங்குபோல் குட்டையாக முளைத்தது. அதில் கொழுப்பு ஏறி, எடை ஐம்பத்தெட்டைத் தொட்ட பிறகுதான் அடுத்த பேச்சு. 2007இல் முதல் இரண்டு முட்டைகள் வந்தன. கோழி முட்டையைப்போல் தினமும் திருப்பிவைத்தார், கெட்டுப்போயின. பல்லி முட்டையைத் திருப்பவே கூடாது, எடுத்ததும் மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அதே வாக்கில் வைக்க வேண்டும் என்பது எட்டாம் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. அவர் ஏழு பக்கத்தோடு நிறுத்தியிருந்தார்.

2008இல் மூன்று ஈடு, ஆறு முட்டைகள். புள்ளி வைத்து, ஈரமான தேங்காய் நார்த்தூளில் பாதி புதைத்து, பலகைப் பெட்டியில் சின்ன பல்பு எரியவிட்டு வைத்தார். மே மாதம் நர்கிஸ் புயல் வந்தது. தெருவில் இருந்த பெரிய மரங்கள் எல்லாம் படுத்தன, கூரைத் தகடுகள் பறவைக்கூட்டம்போல் பறந்தன, மின்சாரம் போய் வாரக்கணக்கில் வரவில்லை. முட்டைப் பெட்டி குளிரத் தொடங்கியது. மைமூன் ஜன்னலைத் திறந்து, காற்றைப் பார்த்து, அதன் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டத் தொடங்கினார். காற்று இரண்டு நாளில் போய்விட்டது. அவர் கோபம் ஆறு வாரம் நின்றது. தண்ணீர் வராதது, மெழுகுவத்திக்காரன் விலை ஏற்றியது, வானொலி எல்லாம் சரியாகிவிட்டது என்றது, ஒவ்வொன்றும் அதற்கு விறகாயிற்று. பெட்டியில் வெப்பமானி முப்பத்திரண்டில் ஆணி அடித்ததுபோல் நின்றது. கட்டடத்தின் பதினோரு குடும்பங்களும் அந்த மாதத்தில் மைமூன் வீட்டில்தான் சமைத்தன.

ஆறும் பொரித்தன. ஆறும் ஆண். கடிதத்தில் கேட்டதற்கு அஷ்ஃபாக் எழுதினான்: முட்டை இருக்கிற சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது, சாச்சி. முப்பத்திரண்டு என்றால் பெரும்பாலும் ஆண். இருபத்தேழு என்றால் பெரும்பாலும் பெண்.

கலா சிரித்துச் சிரித்துப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, உன் கோவத்துல ஒரு பட்டாளமே பொறந்திருக்கு."

"இந்த ஊர ஆம்பளைங்க நடத்துற லட்சணம் போதாதா? என் வீட்டுலயுமா?" என்றார் மைமூன்.

ஆறு ஆண்களுக்கும் முன்பே பேசிவைத்த ஆறு வீடுகள் இருந்தன. பூனை உண்டா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், பூச்சியைக் கையில் பிடிப்பாயா என்று கேட்டுக் கேட்டு எடுத்த வீடுகள். ஷ்வேப்யிதாவில் சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணின் வீட்டுக்கு மாதம் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பல்லியின் வாலைத் தொட்டுப் பார்த்து வந்தார். ஒரு வீட்டில் வால் மெலிந்திருந்தது. வீட்டுக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பல்லியைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். ஆனால் பேகத்துக்கு வயதாகிக்கொண்டிருந்தது. 2009 முழுக்க ஓய்வு கொடுத்தார். 2010இல் ஒரே ஒரு ஈடு, அதற்கு மேல் அதன் உடம்பைக் கேட்பது பாவம் என்று முடிவெடுத்தார். ஏப்ரல் முதல் வாரத்தில் இரண்டு முட்டைகள் வந்தன. பேகத்தின் வழியில் ஒரு பெண் பிறக்க வேண்டுமென்றால் இந்த இரண்டுதான்.

அந்த வருடம்தான் பெரிய வீட்டுப் பல்லிகளை, பர்மாக்காரர்கள் தௌதே என்கிற அந்தக் கத்துகிற ஜாதியை, மருந்துக்கென்று பிடித்துக் காயவைத்து எல்லை தாண்டி அனுப்புகிற பைத்தியம் ஊரெல்லாம் பரவியது. புள்ளி போட்டது இன்னும் வீரியமானது என்று யாரோ ஊ பா த்வேயிடம் சொல்லிவிட்டார்கள். ஊ பா த்வே அந்த வட்டத்தின் உக்கட்டா, அதாவது தலைவர். யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பதிலிருந்து யார் வீட்டில் விளக்கு எரியலாம் என்பதுவரை அவர் கையில் இருந்தது. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பர்மிய மரியாதைப்படி 'டோ' போட்டுப் பேசினார்.

"டோ மைமூன், பெரிய இடத்துல கேக்கிறாங்க. கிழட்டுப் பல்லி ரெண்டையும் குடுத்துடுங்க. உங்களுக்கும் நல்லது."

"குடுத்தா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க? காயவெச்சுப் பொடி பண்ணுவாங்க."

வெப்பமானி ஒரே தாவில் முப்பத்தாறுக்குப் போனது. முட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தஸ்தகீர் மாடிப்படிக்கு ஓடினார். உக்கட்டா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "உங்களால ஆம்பளைக் குஞ்சுதான் பொரிக்க முடியும்னு தெருவே சொல்லுது. வம்சம் அத்துப்போற பல்லிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"பொண்ணு பொறக்கும்!" என்று கத்தினார் மைமூன். "பொறக்கலைன்னா எல்லாத்தையும் நீங்களே அள்ளிக்கிட்டுப் போங்க!"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன விழுந்தது என்று தெரிந்தது. கதவருகே கலா நின்றாள், கம்பவுண்டர் நின்றார், லோஞ்சி வாங்க வந்த நாலு பேர் நின்றார்கள். சாட்சிக்குப் பஞ்சமில்லை.

உக்கட்டா கெட்டிக்காரர். மைமூனுக்குக் கோபம் மூட்டினால் போதும், மற்றதை மைமூனே செய்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். மறுநாளே ஆள் அனுப்பி மின்சார மீட்டரைக் கழற்றினார். அதற்கடுத்த நாள் கயிற்றுக் கவ்வியால் வழிப்போக்கர்களுக்கு ஆபத்து என்று கயிற்றை அறுத்தார். பிறகு தினமும் காலை பத்து மணிக்குத் தானே வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மைமூனின் தையல் கோணல். மைமூனின் தேநீர் கழுநீர். தஸ்தகீர் போன்ற நல்ல மனிதருக்கு இப்படியா வாய்க்க வேண்டும். நூறு வருடத்தில் இல்லாத வெயில் அந்த ஏப்ரலில். காக்கைகள் நிழலைவிட்டு நகரவில்லை, தார்ச்சாலை வண்டிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு போனது. அதற்கு மேல் மைமூனின் சூடு. முட்டைப் பெட்டியைத் தண்ணீர்ப் பானைகளுக்கு நடுவே வைத்திருந்தும் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது. "முப்பது... முப்பதரை... புள்ள, அடக்கு, முப்பத்தொண்ணு" என்று வெப்பமானியைப் பார்த்துத் தஸ்தகீர் அலறுவார். மைமூன் தஸ்பீஹ் உருட்டினார். மணிகள் கையைச் சுட்டன. ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டார், ஆவி பறந்தது. முதல் சில வாரங்களில்தான் ஆணா பெண்ணா என்று முட்டைக்குள் முடிவாகும் என்று அஷ்ஃபாக்கின் கடிதம் சொன்னது. பத்து நாட்கள் போய்விட்டன.

பதினோராம் நாள் உக்கட்டாவிடம் சொல்வதற்குப் புதிதாக எதுவும் மிஞ்சவில்லை. தேநீரை ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார். "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, டோ மைமூன்? பேசாம உங்க ஊருக்குப் போயிட வேண்டியதுதானே?" என்றார்.

கலா கையிலிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டாள். வீடு பற்றி எரியும் என்று நினைத்துக் கம்பவுண்டர் வாளியை எடுத்தார். மைமூன் பிறந்தது அந்த அறையில். அவர் உம்மா பிறந்தது அந்த அறையில். காயல்பட்டினத்தை அவர் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மைமூன் தலையை நிமிர்த்தி உக்கட்டாவைப் பார்த்தார். நாற்காலியில் யாரோ மறந்துவிட்டுப் போன பழைய லோஞ்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இதற்கா நான் இத்தனை நாள் எரிந்தேன் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. பிறகு திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தையலைத் தொடர்ந்தார்.

தஸ்தகீர் வெப்பமானியைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "இருபத்தேழு" என்றார். சந்தேகத்துக்கு இன்னொரு முறை பார்த்தார். "இருபத்தேழேதான்."

அன்றிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை, தெருவில் நாற்பது, நாற்பத்தொன்று என்று கொதித்த நாட்களிலும், அந்த வீட்டில் இருபத்தேழுக்கு மேல் ஏறவில்லை, கீழே இறங்கவும் இல்லை. உக்கட்டா மட்டும் தவறாமல் வந்தார். முதலில் கோபமூட்ட வந்தார். மைமூன் அவர் பேசுவதைக் கேட்காமல், அவர் காலடியிலேயே பெருக்கினார், அவர் தலைக்கு மேலே துணியை உதறினார். ஒவ்வொரு அவமதிப்புக்கும் இதமான காற்று ஒன்று சுற்றி வந்தது. உக்கட்டாவின் மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்தது. ஒரு வாரத்தில் திட்டுவதைச் சுருக்கிக்கொண்டார். இரண்டாம் வாரம் வந்ததும் கடமைக்கு ஒரு வார்த்தை, "கோணல் தையல்", என்று சொல்லிவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ரங்கூனில் அத்தனை குளுமையாகத் தூங்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவந்தார். மீன்காரிகள் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "உக்கட்டா எந்திரிச்சுட்டாரா, இன்னும் இருக்காரா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். அவர் இருக்கும்வரைதான் மீன் கெடாது.

ஜூன் ஐந்தாம் தேதி காலையில் இரண்டு முட்டையும் வியர்த்தன, சுருங்கின, கிழிந்தன. ஈர்க்குச்சி கனத்தில் இரண்டு குஞ்சுகள், பட்டை பட்டையாக. முதல் தோலை உரித்து அவையே தின்று, நாலாம் நாள் தங்கள் தலையளவு சில்வண்டைப் பிடித்தன. ஆனால் ஆணா பெண்ணா என்று தெரிய இன்னும் மாதங்கள் ஆகும். இருபத்தேழு என்றால் பெரும்பாலும்தான் பெண். அதோடு முதல் பத்து நாட்களின் கணக்கை யார் அறிவார்? அந்த ஐந்து மாதம் மைமூன் சரியாகச் சாப்பிடவில்லை. பேகத்தின் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "அவசரப்பட்டு உன்ன வெச்சுப் பந்தயம் கட்டிட்டேன்டி" என்று சொல்லுவார். பேகம் கண்ணை மூடித் திறக்கும்.

நவம்பரில் அஷ்ஃபாக் கப்பலிலிருந்து இறங்கி, பூதக்கண்ணாடியோடு வந்தான். உக்கட்டாவும் வந்தார், கையில் மூடி போட்ட கூடை. கட்டடமே கூடி நின்றது. முதல் குஞ்சைத் திருப்பினான். வாலின் அடியில் இரண்டு புடைப்பு, அதற்கு மேல் கவிழ்த்த வி போல மெழுகுத் துளைகள். ஆண். உக்கட்டா கூடையின் மூடியைத் திறந்தார்.

"ரெண்டாவத நீங்களே பாருங்க" என்று மைமூன் பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார். "இல்லைன்னா இவனுக்கு நாங்க சொல்லிக்குடுத்துட்டோம்னு சொல்லுவீங்க."

உக்கட்டா பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து ஏனோ வேறு வந்தது. "புடைப்பு இல்ல. துளையும் இல்ல" என்றார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணுதான்" என்றார்.

கட்டடம் போட்ட கூச்சலில் சூலே பகோடா பக்கம் புறாக்கள் எழும்பின என்பார்கள். உக்கட்டா கூடையை மூடி நாற்காலிக்கு அடியில் தள்ளினார். மைமூன் தேநீர் கொண்டுவந்து வைத்தார். பந்தயத்தில் மைமூன் தோற்றால் என்ன என்று பேசியிருந்தார்களே தவிர, ஜெயித்தால் என்ன என்று யாரும் பேசியிருக்கவில்லை. உக்கட்டா அதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"டோ மைமூன், தோத்தவன் நான். என்ன வேணும்னு சொல்லுங்க. மீட்டர மாட்டச் சொல்லட்டுமா?"

மைமூன் அந்தப் பெண் குஞ்சை உள்ளங்கையில் வைத்து, அது விரல்களுக்கிடையே நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு ஒரு வயது தாண்ட வேண்டும், ஐம்பது கிராம் ஏற வேண்டும், இரத்த உறவில்லாத மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்கு முன் வீடுகள் பார்க்க வேண்டும். அவருக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.

"உங்ககிட்ட கேக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

இத்தனை மாதப் பழக்கத்தில் மைமூன் தன் குளிரைக் குறி பார்த்து அனுப்பக் கற்றிருந்தார். குஞ்சுக்கு ஒரு குளிரும் படவில்லை, வெப்பமானி அசையவில்லை. உக்கட்டாவின் கையிலிருந்த கோப்பையில் மட்டும் தேநீர் மெல்ல மங்கி, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் உறைந்து நின்றது. அவர் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தார், விழவில்லை. கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டு, சுரண்டிச் சுரண்டி முழுவதையும் தின்று முடித்தார். சர்க்கரை இன்றைக்குத்தான் சரியாக இருக்கிறது என்று தஸ்தகீரிடம் சொல்லிவிட்டு, மூன்று மாடியையும் இறங்கிப் போனார்.